பறக்கும் நேரமும் காத்திருக்கும் நேரமும்

அட்சரேகை, தீர்க்கரேகை பாடம் நடத்தும்போது என் வகுப்புப் பெண்களிடம் உலக உருண்டையையும் ஒரு நூலையும் கொடுத்துவிடுவேன். ஒரு முனையைக் கோயமுத்தூரில் வையுங்கள், இன்னொரு முனையை அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சான்பிரான்சிஸ்கோவில் வையுங்கள், நூலை இழுத்துப் பிடியுங்கள் என்பேன். சுவரில் தொங்கும் வரைபடத்தையே பார்த்துப் பழகியவர்கள், நூல் பசிபிக் பெருங்கடலின் நடுவே போகும் என்று நினைப்பார்கள். அது அப்படிப் போகாது. இமயமலையைத் தாண்டி திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்குவழி. நீளம் சுமார் 14,200 கிலோமீட்டர்.

இந்த இரண்டு ஊர்களை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முனைக்குப் பக்கத்தில், கிணத்துக்கடவில், நானும் அம்மாவும் இருக்கிறோம். மறுமுனையில் தங்கச்சி இருக்கிறாள். யார் பயணம் செய்தாலும் கிலோமீட்டர் கூடுவதோ குறைவதோ இல்லை. ஆனால் அந்தத் தூரத்துக்காக ஊர் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது, வருவது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. பதினைந்து வருடங்களாக இந்தத் தூரத்தோடு குடித்தனம் நடத்திய எங்கள் வீட்டில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

முதலில் பயணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நூல் காட்டும் வழியில் கோயமுத்தூரிலிருந்து விமானம் கிடையாது. பீளமேட்டில் இருக்கும் எங்கள் விமான நிலையத்தின் ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்டம் தாண்டிப் போகும் பெரிய விமானம் எரிபொருளை நிறைத்துக்கொண்டு கிளம்ப இது போதாது. ஓடுபாதையை நீட்டுவதற்கான நிலமெடுப்புப் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவரை இங்கிருந்து நேராகப் போகக்கூடிய வெளிநாடு சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பழக்கம் சிங்கப்பூர் வழி. கிணத்துக்கடவிலிருந்து ஒத்தக்கால்மண்டபம், மலுமிச்சம்பட்டி தாண்டி பைபாஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 3,160 கிலோமீட்டர், ஏறத்தாழ நாலரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கிலோமீட்டர், நிற்காமல் பறந்தால் பதினைந்து மணி நேரம். நூலின் நீளத்தைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சுற்று.

திரும்பி வரும்போது அதே வழி பதினேழு மணி நேரம் ஆகும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பலத்த காற்று போகும்போது தள்ளிவிடுகிறது, வரும்போது எதிர்த்து நிற்கிறது. நடுவில் சர்வதேச தேதிக்கோடு வேறு. சிங்கப்பூரில் காலையில் ஏறினால் சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலையில் இறங்கலாம். வரும்போது திங்கள் இரவு ஏறினால் புதன் காலையில்தான் சிங்கப்பூர். செவ்வாய்க்கிழமை எங்கேயோ வானத்தில் போய்விடும்.

2017இல் தங்கச்சிக்கு முதல் பிரசவம். அதற்குத்தான் அம்மா முதன்முதலாக விமானம் ஏறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. அதுவரை அவருடைய வாழ்க்கை, பிறந்த நெகமத்துக்கும் வாழவந்த கிணத்துக்கடவுக்கும் இடையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் நடந்தது. கோயமுத்தூருக்குத் துணி எடுக்கப் போவதென்றாலும் அப்பாவோ நானோ கூடப் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. தனியாகப் போவதற்கு ஒரு வேலையும் அவருக்கு ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவரைத் தன்னந்தனியாகப் பதினாறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் அனுப்ப எல்லோரும் ஒரே நாளில் சம்மதித்தார்கள். தோட்டத்தையும் மாட்டையும் விட்டு அப்பாவால் வர முடியாது என்றார்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்கத்தானே போகிறாள் என்றார்கள். ஒரு பெண் வெளியே போக ஊர் தடுக்காத காரணங்கள் சிலதான். இன்னொரு வீட்டின் வேலை அவற்றில் முதலாவது.

அந்த வேலை எந்தத் தாளிலும் வேலை என்று எழுதப்படவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது பார்வையாளர் விசா. அதில் வந்து வேலை செய்ய அனுமதி கிடையாது. சென்னைத் தூதரகத்தில், எதற்குப் போகிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டார்கள். "புள்ளையப் பாக்கறதுக்குங்" என்று அம்மா சொன்னார். அது பொய்யுமில்லை. பார்ப்பது என்ற சொல்லுக்குள் தமிழில் எல்லாம் அடங்கிவிடும். பிரசவம் பார்ப்பது, குழந்தையைப் பார்ப்பது, வீட்டைப் பார்ப்பது, ஆளைப் பார்ப்பது.

வருபவர்களைப் பொதுவாக ஆறு மாதம்வரை தங்க அனுமதிப்பார்கள். அம்மா ஆறு மாதமும் அடுப்படியில் நின்றார். அம்மா கிளம்பும் வாரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார். அவர் அடுத்த ஆறு மாதம். இரண்டு சம்பந்திகளும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் மில் தொழிலாளிகள்போல் ஒரு வருடத்தை ஓட்டினார்கள். தங்கச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டில் என்னைப் போன்றவர்களுக்குப் பேறுகால விடுப்பு 2021 முதல் பன்னிரண்டு மாதம், முழுச் சம்பளத்தோடு. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான 1993ஆம் வருடச் சட்டம் தருவது பன்னிரண்டு வாரம், அதுவும் சம்பளமில்லாத விடுப்பு. கலிபோர்னியா மாநிலம் அதற்கு மேல் கொஞ்சம் உதவித்தொகை கொடுக்கிறது. உலகத்தின் பணக்கார நாடு தன் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்காத விடுப்பை, கிணத்துக்கடவிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் ஆமதாபாத்திலிருந்தும் போகும் அம்மாக்கள் தங்கள் முழங்காலைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள்.

அந்த அம்மாக்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வரிசைக்குப் போக வேண்டும். கிருத்திகைக்குக் கிருத்திகை பொன்மலை வேலாயுதசாமி கோயில் படிகளை மூச்சு வாங்காமல் ஏறும் அம்மாவுக்கு நாங்கள் சக்கர நாற்காலி கேட்டு எழுதினோம். காலுக்காக அல்ல, ஆங்கிலத்துக்காக. சிங்கப்பூரில் எந்த வாசல், எந்தப் படிவம், யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களை ஒருவர் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த விமானத்தில் விட்டுவிடுவார். வரிசையில் தனக்கு முன்னும் பின்னும் தெலுங்கம்மாவும் குஜராத்தியம்மாவும் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னார். ஒருத்தருக்கும் ஒருத்தர் பாஷை தெரியாது. ஆனால் வயிற்றின்மேல் கை வைத்துக் காட்டி, எத்தனை மாசம் என்று விரலை நீட்டி, எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். மொத்த வரிசையும் பிரசவம் பார்க்கப் போகிற வரிசை.

பயணம் எப்படிம்மா இருந்தது என்று கேட்டேன். கால் வீங்கியது, காது அடைத்தது என்று சொல்வார் என்று நினைத்தேன். "கண்ணு, ஒரு நா முச்சூடும் எவனுக்கும் சோறு போடல. எனக்கு ஒருத்தி கொண்டாந்து போட்டா. உண்டு போட்டுத் தட்டத்தைக்கூட நாங் கழுவல" என்றார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் கையும் காலும் சும்மா இருந்த முதல் நாள் அது. இரண்டு அடுப்படிகளுக்கு நடுவில் இருந்த தூரம்தான் அவருக்குக் கிடைத்த விடுமுறை.

2024ஆம் வருடத் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு எண்ணைச் சொல்கிறது. சொந்த வீட்டின் சம்பளமில்லாத வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளொன்றுக்கு 289 நிமிடம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவழிப்பது 88 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. நான் இதை விமானக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். 88 நிமிடத்தில் கோயமுத்தூரிலிருந்து சென்னைக்குப் போய் இறங்கலாம். 289 நிமிடத்தில் சிங்கப்பூருக்கே போய்விடலாம். நம் வீட்டுப் பெண்கள் தினமும் சிங்கப்பூர் தூரம் அடுப்படிக்குள்ளேயே நடக்கிறார்கள். அம்மா இங்கே இல்லாத ஆறு மாதமும் அப்பாவுக்கான அந்த 289 நிமிடத்தைச் சித்தியும் நானும் பங்குபோட்டுக்கொண்டோம். ஒரு பெண் பயணம் போக இன்னும் இரண்டு பெண்கள் இருந்த இடத்திலேயே ஓட வேண்டியிருந்தது.

2019இல் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா மறுபடி போனார். அந்த பிப்ரவரியில் பொள்ளாச்சியில் பெரியம்மா இறந்துபோனார், அம்மாவின் ஒரே அக்கா. விடியற்காலை ஆறு மணிக்குச் சேதி வந்தது. எங்கள் பக்கம் எழவு சொன்னால் அடுத்த கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்பதுதான். சாயந்திரம் நாலு மணி என்றார்கள். பத்து மணி நேரம். அங்கிருந்து வந்து சேர எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். வந்திறங்க முடியுமா என்று அம்மாவைக் கேட்கவேண்டும் என்றோ, ஒரு நாள் வைத்திருக்கலாம் என்றோ ஒறம்பரையில் யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டேன். "அக்கா தங்கச்சிக்கெல்லாம் காத்திட்டு இருக்க முடியுமா சாமி" என்று ஒரு மாமா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பதைப்போல இயல்பாகச் சொன்னார்.

நாலு மணிக்கு நான் போனில் காட்டினேன். அங்கே அதிகாலை இரண்டரை. தோளில் பதினைந்து நாள் குழந்தையோடு அம்மா அடுப்படி விளக்கின் கீழே நின்றுகொண்டிருந்தார். சத்தம் போட்டு அழுதால் குழந்தை எழுந்துகொள்ளும். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

அடுத்த மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் இறந்தார். மகன் நியூஜெர்சியில் இருந்தார். ஃப்ரீசர் பெட்டி வந்தது, வாசலில் பந்தல் போட்டார்கள், இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கொள்ளி வைக்க மகன் வர வேண்டும், நியாயம்தான். விமானம் எல்லோருக்கும் மணிக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீட்டர்தான் பறக்கிறது. வாசலில் காத்திருக்கும் பெட்டிக்குத்தான் ஆண் பெண் தெரிந்திருக்கிறது.

பணமும் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்து நூற்பாலை விடுதி ஒன்றில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு அம்மா இறந்த சேதி வந்தபோது, விமானத்தைப் பற்றி அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு நாள், ஸ்டேஷனிலிருந்து கிராமத்துக்கு இன்னும் அரை நாள். உள்நாட்டில் இரண்டாயிரம் கிலோமீட்டர், கலிபோர்னியாவைவிடத் தூரமாக இருந்தது. அவள் கிளம்பவேயில்லை. மறுநாள் ஷிப்டுக்குப் போனாள்.

2021 ஜனவரியில் ஒரு செய்தியை அம்மா தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம், வட துருவப் பாதையில், பதினேழு மணி நேரம் நிற்காமல் பறந்து வந்து இறங்கியிருந்தது. நேர்க்கோட்டுத் தூரமே 13,993 கிலோமீட்டர். விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள்: கேப்டன் சோயா அகர்வால், தன்மை பாபகரி, ஆகான்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ். "பொம்பளைகளே ஓட்டியாந்துட்டாங்களாமா!" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வழியில் நாலு முறை போய்வந்த அலுப்பு தெரிந்தவர் அவர். பதினேழு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே கஷ்டம், ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டார். 1951இலேயே சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் தன் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் சிறிய விமானத்தை ஓட்டிக்கொண்டுவந்த கதையை நான் சொன்னேன். இந்தியாவில் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள், உலகச் சராசரியைவிட இது மிக அதிகம் என்றும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் ஏன் நம்மூர்ல பொம்பளைக்குத் தூரம் தூரம்ங்கறாங்க" என்றார்.

2023 செப்டம்பரில் அப்பா இறந்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணி. தங்கச்சிக்கு அப்போது திங்கள் மத்தியானம் மூன்றரை. எங்களுக்கு ஆண் உடன்பிறப்பு இல்லை. பொழுது விடிந்ததும் பங்காளிகள் வாசலில் கூடிவிட்டார்கள். சாயந்திரமே எடுத்துவிடலாம் என்றார்கள். கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டுப் பையன் இருக்கிறான், அப்புறம் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். "பொண்ணு வந்து என்னத்தப் பண்ணப் போறா. பையனா இருந்தா வெச்சிருக்கோணும்" என்றார் பெரியப்பா.

கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். எங்கள் வீட்டில் ஆண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு அவர் காபித் தட்டு இல்லாமல் வந்ததை நான் பார்த்ததில்லை.

"மாமா, நாஞ் சொல்றனுங். நம்ம நேரம் பகல் பதினொன்னேகாலுக்கு அவ அங்க ஏறுறா. சிங்கப்பூருக்குப் பதினேழு மணி நேரமுங். போறப்பப் பதினஞ்சு, வர்றப்பக் காத்து எதுத்து அடிக்கும், பதினேழு. அங்க ரெண்டு மணி நேரம். கோயமுத்தூருக்கு நேரம் ஒத்துவரலீங், மெட்ராசுக்கு நாலேகால் மணி நேரம். அங்கிருந்து மத்தியானம் ஒரு மணிக்குக் கோயமுத்தூர் பிளேனு. நாளைக்கு மூணரைக்கு ஊட்டுக்கு வந்துருவா. நாலரைக்கு எடுத்துக்கலாமுங்."

யாரும் பேசவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண், தாலி கழுத்தில் இருக்கும் கடைசி நாளில், கண்டங்களுக்கு இடையிலான பயண நேரத்தைக் கூட்டிக் கழித்து ஒப்பித்ததற்கு அங்கே இருந்தவர்களிடம் பதில் கிடையாது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, பெட்டிக்குச் சொல்லிப்போடுங்க" என்றார். முப்பத்தைந்தரை மணி நேரம் ஒரு மகளுக்காக எங்கள் வாசல் காத்திருந்தது. அம்மா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் தங்கச்சி வந்து இறங்கினாள். ஆறு வயதும் நாலு வயதுமான இரண்டு குழந்தைகளை அங்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். தனியாகப் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் முறையாம்.

நாலரைக்கு எடுத்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இன்னும் இல்லை. தங்கச்சியும் நானும் தெருமுனை வரை போனோம். அங்கே நிறுத்திவிட்டார்கள். கொள்ளி வைத்தவன், அப்பாவிடம் வருடத்துக்கு ஒருமுறை பேசும் ஒரு பங்காளி வீட்டுப் பையன். கடல் தாண்டிப் பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவளுக்குத் தெருமுனையிலிருந்து மயானம்வரை உள்ள அரைக் கிலோமீட்டர் கிடைக்கவில்லை. அந்த அரைக் கிலோமீட்டருக்கு விமானமும் கிடையாது, விசாவும் கிடையாது. அதை நடந்துதான் கடக்க வேண்டும். நாங்கள் அன்று நடக்கவில்லை. அடுத்த முறை நிற்கப்போவதில்லை என்று நானும் அவளும் பேசிவைத்திருக்கிறோம். அம்மாவிடமும் சொல்லிவிட்டோம். "எனக்குத்தான? நல்லாப் போங்க" என்று சிரித்தார்.

இப்போது அம்மாவுக்கு வயது அறுபத்தொன்பது. தங்கச்சி மறுபடி கூப்பிட்டாள். இந்தமுறை பிரசவம் இல்லை, உடம்புக்கு முடியாதவர் யாரும் இல்லை. ஆறு மாதம் இரும்மா என்றாள். "ரெண்டு மாசம் போதும்" என்று அம்மா சொல்லிவிட்டார். திரும்பி வரும் தேதியைக் காலண்டரைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தது அவர்தான். தைப்பூசத்துக்கு முன்னால் ஊரில் இருக்க வேண்டுமாம். பெட்டியில் இந்தமுறை அரைத்த பொடிகள் இல்லை, இரண்டு நெகமம் சேலைகளும் அம்மாவின் கண்ணாடியும் மருந்தும்தான். சக்கர நாற்காலி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவருக்கு இப்போது தெரியும்.

அங்கே போய் என்னம்மா பண்ணப் போறீங்க என்று கேட்டேன்.

"புள்ளையப் பாக்கப் போறேன். பாக்கறதுக்கு மட்டுந்தான்."